மூச்சுக்காரரின் கூஜா

பழைய ஐஸ் பேக்டரி வாசலில் காலை ஆறு மணிக்கே வரிசை வளைந்து நெளிந்து பஸ் நிறுத்தம் வரை போய்விட்டது. ஐஸ் தயாரித்த காலத்தில்கூட அங்கே இவ்வளவு கூட்டம் கூடியதில்லை. வந்தவர்கள் எல்லார் கையிலும் விதை. சிலர் பொட்டலமாக வைத்திருந்தார்கள், சிலர் டப்பாவில். ஒரு அம்மாள் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். தக்காளி, கத்தரி, மிளகாய், வெள்ளரி. உள்ளே ஒருவர் உட்கார்ந்து அந்த விதைகள் மேல் மூச்சு விடுகிறார். விட்ட மாத்திரத்தில் விதை நீலமாகிவிடுகிறது. நீலமான விதையை எந்தப் பூச்சியும் தொடாதாம், எந்த நோயும் அண்டாதாம், நூறு போட்டால் நூறும் முளைக்குமாம்.

மூச்சு விடுவது ஒரு வித்தையா என்று கேட்காதீர்கள். எல்லாரும்தான் விடுகிறோம், அதுவும் இலவசமாக. ஆனால் நம் மூச்சில் எதுவும் நீலமாவதில்லையே. அதனால் அவர் மூச்சுக்காரர், நாம் வரிசையில் நிற்கிறவர்கள்.

வரிசையில் நாற்பத்திரண்டாவதாக நின்றவர் தொப்பியைப் புருவம் வரை இறக்கி, கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தார். யாரும் தன்னை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பது அவர் ஏற்பாடு. அந்த வேஷத்தைப் பார்த்து முன்னால் இருந்தவரும் பின்னால் இருந்தவரும் திரும்பித் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம். கடைசியில் பின்னால் இருந்தவர் சாதாரணமாக, "என்ன மாஸ்டர், ஜலதோஷமா?" என்று கேட்டுவிட்டார்.

மாஸ்டர் என்றால் டிரம் மாஸ்டர். மேளம் அடிப்பவர் இல்லை. ஊருக்கு வெளியே இருக்கிற விதைக் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகப் பூச்சு டிரம்மை ஓட்டுபவர். வேலை இதுதான். காய்கறி விதையை டிரம்மில் கொட்டிச் சுற்றவிட வேண்டும். சுற்றும்போதே பசையும், மண்ணில் இருக்கும் பூஞ்சையை விரட்டும் மருந்தும், கொஞ்சம் சாயமும் தெளிக்க வேண்டும். பூச்சு மெல்லிசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விதைக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. பிறகு வெதுவெதுப்பான காற்றில் உலர்த்த வேண்டும். சாயம் எதற்கென்றால் அழகுக்கு இல்லை, இது மருந்து போட்ட விதை, வாயில் போடாதே என்று தெரிவதற்கு. தக்காளிக்குச் சிவப்பு, வெள்ளரிக்குப் பச்சை, மிளகாய்க்கு நீலம்.

ஆமாம், நீலம். தினமும் இருநூறு கிலோ மிளகாய் விதையைத் தன் கையால் நீலமாக்குகிற ஆள்தான், ஒருவர் இருபது விதையை நீலமாக்குவதைப் பார்க்க விடியற்காலையில் எழுந்து வந்து வரிசையில் நின்றார். வாசகர்கள் சிரிக்கலாம். பிற்பாடு அவரே சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அவர் நூலகத்து மாடியில் 'அறிவியல் மனப்பான்மை' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசியிருந்தார். கேட்டவர்கள் பதினோரு பேர். அதில் மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதீர்கள் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். தட்டிய வேகத்தில் மேசை நம்பியதோ என்னவோ, அவர் கை மட்டும் இரண்டு நாள் வலித்தது.

அப்படிப்பட்டவர் ஏன் வந்தார்? மொட்டைமாடி வெள்ளரிதான் காரணம். ஊருக்கெல்லாம் விதை காக்கிறவர் வீட்டுத் தட்டில் மூன்று தடவை வெள்ளரி முளைத்தது, மூன்று தடவையும் ஒரு விரல் உயரம் வந்ததும் கழுத்தொடிந்து படுத்துவிட்டது. வீட்டுக்குத்தானே என்று பூச்சுப் போடாத விதையை அள்ளி வந்திருந்தார். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு என்று தண்ணீர் ஊற்றினார். இடையில் பாசம் பொங்கும்போது இன்னொரு செம்பு.

அவர் மனைவிக்கும் அதே கம்பெனியில்தான் வேலை. டெஸ்டிங் ரூமில் ஈரத்தாளில் நூறு நூறாக விதையை அடுக்கி, எட்டாம் நாள் எத்தனை முளைத்தது என்று கணக்கிட்டு எழுதுபவர். எண்பதுக்குக் கீழே போனால் அந்த லாட் மூட்டையோடு திரும்பிவிடும். மேனேஜரே கெஞ்சினாலும் அவர் பேனா எழுபத்தொன்பதை எண்பதாக்காது. மாடியில் செத்துக் கிடந்த நாற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "தண்ணிய குறைங்க. கழுத்து அழுகுது."

டிரம் மாஸ்டருக்குச் சுருக்கென்றது. பத்தொன்பது வருட அனுபவத்துக்குத் தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொடுப்பதா? தண்ணீரைக் குறைக்கவில்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டார். மறுநாளே, வேறு ஏதோ சக்தி வேண்டியிருக்கிறது என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. தப்பு நம்முடையது இல்லை என்று ஆகிவிட்டால் பழி போட ஒரு சக்தி தேவைப்படுகிறது. அதை விரட்ட இன்னொரு சக்தியும் தேவைப்படுகிறது. அந்த இரண்டாவது சக்தி ஐஸ் பேக்டரியில் கிடைத்தது.

வாசலில் டோக்கன். என்ன விதை, எத்தனை என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். பக்தர்களின் வசதிக்காகவாம். உள்ளே போனால் ஒரு மேடை, மேடையில் சுழல்நாற்காலி, அதில் இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் மூச்சுக்காரர். அவர் மூக்குக்குக் கீழே ஒரு மைக். அவர் மூச்சு விட்டால் மண்டபம் முழுக்கப் புயல் அடிக்கிற சத்தம். பக்கத்தில் வரிசையாகப் பித்தளைக் கூஜாக்கள். ஒவ்வொரு வகை விதைக்கும் தனித்தனிக் கூஜா, மூச்சு ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாதாம். விதையைக் கொண்டுவந்தவரே கண்ணை மூடிக்கொண்டு கூஜாவில் கொட்ட வேண்டும். மூச்சுக்காரரும் கண்ணை மூடிக்கொள்வார். கூட்டமும் மூடிக்கொள்ளும். மண்டபத்தில் கண் திறந்திருந்தது விட்டத்தில் இருந்த பல்லி ஒன்றுதான்.

மாஸ்டர் இருபது வெள்ளரி விதையைக் கொட்டினார். புயல் அடித்தது. கூஜா மூன்று தடவை சுற்றியது. சாய்த்தார்கள். இருபது விதையும் நீலம்.

மாஸ்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"உன் வீட்டுல முளைச்சது கழுத்துல சாயுது" என்றார் மூச்சுக்காரர், கண்ணைத் திறக்காமலே.

அவ்வளவுதான், மாஸ்டர் சரிந்துவிட்டார். வரிசையில் நின்ற எல்லார் வீட்டிலும் கழுத்துதான் சாய்ந்திருக்கும், சாயாதவன் எதற்கு வரிசைக்கு வருகிறான் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். அந்த நிமிடத்தைத்தான் அவர் நூலகத்து மாடியில் செலவழித்துவிட்டாரே. மூச்சுக்காரர் நிபந்தனைகளையும் சொல்லி அனுப்பினார். புது மண் போட வேண்டும். இரண்டு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணீர், அதுவும் கரண்டியால். தட்டை வெயில் படும் இடத்தில் வைக்க வேண்டும். கையால் தொடக் கூடாது, தொட்டால் மூச்சு கலைந்துவிடும்.

மாஸ்டர் அச்சுப் பிசகாமல் செய்தார். பன்னிரண்டு வெள்ளரி முளைத்தது. ஒன்றுகூடக் கழுத்தொடியவில்லை. அவர் மனைவியை மாடிக்கு அழைத்துப் போய்க் காட்டினார்.

"இருபதுக்குப் பன்னெண்டு. அறுபது. கம்பெனிக்கு இப்படி ஒரு லாட் வந்தா நான் என்ன எழுதுவேன்?"

"தள்ளுபடின்னு எழுதுவ. ஆனா இது அந்தக் கணக்குல வராது. இது அருள்."

"தண்ணிய குறைச்சீங்கல்ல?"

"குறைச்சேன். அவரு சொன்னாரு."

"நான் சொன்னப்ப?"

மாஸ்டரிடம் அதற்கு ஒரு பதில் இருந்தது. இருந்ததை வெளியே சொல்ல முடியாது. நீ சொல்லும்போது மைக் இல்லையே என்பதுதான் அந்தப் பதில்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐஸ் பேக்டரிதான். மூன்றாவது வாரம், மேடை அறிவிப்புக்கு மைக் பிடிப்பவர் அவரை மேடைக்கு அழைத்து, "விதைக் கம்பெனி விஞ்ஞானி" என்று அறிமுகப்படுத்தினார். நான் விஞ்ஞானி இல்லை, டிரம் ஓட்டுகிறவன் என்று திருத்த மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. கைதட்டலுக்கு நடுவில் திருத்துவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார். எங்கள் மெஷினில் ஒரு மணி நேரம் ஆவது இங்கே ஒரு மூச்சில் ஆகிறது, என் கண்ணால் பார்த்தேன் என்று பேசினார். கண்ணை மூடிக்கொண்டு பார்த்ததைச் சொல்லவில்லை.

பரிசாக அவருக்கு ஒரு பொறுப்புக் கொடுத்தார்கள். உள்ளறையிலிருந்து கூஜாக்களை மேடைக்குத் தூக்கி வரும் பொறுப்பு. கூஜா தூக்குவது என்று ஊரில் கேலியாகச் சொல்வார்களே, மாஸ்டர் அதை நிஜமாகவே, இரண்டு கையாலும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு செய்தார். காலிக் கூஜா ஏன் இப்படிக் கனக்கிறது என்று முதல் நாளே கைக்குத் தெரிந்தது. பத்தொன்பது வருடம் விதை எடை பார்த்த கை, ஐம்பது கிராம் வித்தியாசத்தைக்கூடச் சொல்லிவிடும். கை சொன்னது. மாஸ்டர் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: பெரியவரின் சக்தி கனக்கிறது.

ஐந்தாவது வாரம் பஸ் நிறுத்தச் சுவரில் போஸ்டர் ஒட்டினார்கள். 'விஞ்ஞானியே வியந்தார்' என்று மேலே. கீழே கூஜாவும் கையுமாக மாஸ்டர். வாய் லேசாகத் திறந்திருந்தது. போட்டோ எடுத்தவர் சரியான நேரம் பார்த்துத்தான் எடுத்திருந்தார்.

மனைவி வேலைக்குப் போகும்போது அதைப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலம் மாஸ்டரிடம் பிந்தைய வாரங்களில் சேர்ந்திருந்த நீல வெள்ளரி விதை நான்கைந்தை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு அலசினார். தண்ணீர் நீலமாயிற்று. அடியில் கிடந்த விதைகள் ஒல்லியாக, நுனி பழுத்து, பழைய சரக்காக இருந்தன.

"இது நம்ம விதை இல்லங்க. நம்மது தடியா, வெள்ளையா இருக்கும். இது எந்தக் காலத்து விதையோ."

மூச்சுப் பட்டால் விதை மாறும் என்றார் மாஸ்டர். மாறினால் நல்லபடியாக அல்லவா மாற வேண்டும் என்று கேட்டார் மனைவி. மாஸ்டருக்குக் கோபம் வந்தது. பதில் வராதபோது அவருக்குக் கோபம் வரும், அது அவர் உடம்பு வாகு.

விஷயம் அதோடு நின்றிருந்தால் ஒரு வீட்டுச் சண்டை, அவ்வளவுதான். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மனைவியின் தம்பி வந்தான். வாய்க்காலை ஒட்டி நாற்று நர்சரி வைத்திருப்பவன். வாய்க்கால் கரையில் குத்தகைக்குக் காய்கறி போடுகிற அறுபது குடும்பமும் அவனிடம்தான் நாற்று வாங்குகிறது. இந்தப் பருவத்துக்கு அரைக் கிலோ ஒட்டுரகத் தக்காளி விதை வாங்கியிருந்தான். அரைக் கிலோ என்றால் ஏதோ பருப்பு மாதிரி நினைக்க வேண்டாம். ஒன்றரை லட்சம் நாற்று அது. நர்சரியை அடமானம் வைத்துத்தான் வாங்கினான். அந்த அரைக் கிலோவைப் புதன்கிழமையே ஐஸ் பேக்டரியில் கொடுத்துவிட்டானாம். இவ்வளவு விதைக்கு ஒரு மூச்சு போதாது, மூன்று நாள் மூடிய அறையில் மூச்சில் ஊற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா கேட்டதெல்லாம் ஒரே கேள்வி. கம்பெனியில் பூச்சுப் போட்டு வந்த விதையை எதற்காக இன்னொருத்தரிடம் கொடுத்தாய்?

தம்பி ஆச்சரியமாகப் பார்த்தான். "அத்தான் போட்டோவே போட்டிருக்காங்களேக்கா. எனக்கு அந்த மூச்சுக்காரரத் தெரியாது. அத்தானைத் தெரியும்ல. அதான் குடுத்தேன்."

மாஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுத் துணிக்கொடியைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த வாக்கியத்தில் குற்றச்சாட்டே இல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தம்பி போனபிறகு மனைவி தையல் பெட்டியைத் திறந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தார். சேலை ஓரத்தில் கோத்துத் தைக்கிற வெள்ளைப் பாசிமணி. தக்காளி விதை அளவுதான் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை டோக்கன்ல தக்காளி, ஒரு கரண்டின்னு எழுதுங்க. கூஜாவுல இதக் கொட்டுங்க. நீல மணியா வந்தா, அடுத்த வாரம் நானே வரிசையில வந்து நிக்கிறேன். வேற எதாவது வந்தா, நீங்க யோசிங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

பெரியவரைச் சோதிப்பதா என்று மாஸ்டர் முனகினார். நூலகத்து மேசை அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று. இருந்திருந்தால் அது சிரித்திருக்கும். ஆனால் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனைவி சொன்னதற்காக இல்லை, அவர் சொன்னது தப்பு என்று நிரூபிப்பதற்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. முன்வரிசையில் தம்பி கை கூப்பி உட்கார்ந்திருந்தான். மனைவி பின்பக்கம் தூணோரம் நின்றார். விஞ்ஞானியே இன்று விதை கொண்டுவந்திருக்கிறார் என்று மைக் பிடிப்பவர் முழங்கினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். பழக்கதோஷத்தில் மாஸ்டரும் மூடினார். மூடிக்கொண்டே பாசிமணியைத் தக்காளிக் கூஜாவில் கொட்டினார். புயல் அடித்தது. கூஜா சுற்றியது. தட்டில் சாய்த்தார்கள்.

நீல விதை. ஒரு கரண்டி. ரோமம் படர்ந்த, தட்டையான, சாட்சாத் தக்காளி விதை.

அப்போது மாஸ்டருக்குள் என்ன நடந்தது என்பதை அவர் பின்னாளில் யாரிடமும் மறைக்கவில்லை. பளிச்சென்று உண்மை புரிந்தது என்று எழுதினால் அவருக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் நடந்தது அது இல்லை. கண்ணாடி மணியை விதையாக்கிவிட்டாரே என்றுதான் முதலில் உடம்பு சிலிர்த்தது. நாலைந்து விநாடி, முழுசாக, பரவசமாக நம்பினார். பத்தொன்பது வருட அனுபவமும் நாற்பது நிமிடப் பேச்சும் அந்த நாலைந்து விநாடியில் எங்கே போயின என்று தெரியவில்லை.

அந்தப் பரவசத்திலேயே மைக்கைப் பிடித்தார். "நான் கொட்டுனது விதை இல்லீங்க. பாசிமணி. கண்ணாடி. இப்ப விதையா வந்திருக்கு."

இதைக் கேட்டதும் கூட்டம் மூச்சுக்காரரின் சட்டையைப் பிடித்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? கூட்டம் அவர் காலைப் பிடித்தது. ஒரு பெரியவர் மேடை விளிம்பில் விழுந்து கும்பிட்டார். மூக்குக்கண்ணாடிக் கூட்டில் விதை கொண்டுவந்த அம்மாள் அழுதே விட்டார். மோசடி இவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்தால், அதையும் அற்புதம் என்று சொல்லிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம். மூச்சுக்காரர் ஒரு கணம் விழித்தார். அவருக்கே இது புதுச் செய்தி. அடுத்த கணம் புன்னகைத்தார். "மணிக்குள்ளயும் உயிர் இருக்கு. நாம எழுப்பணும், அவ்வளவுதான்."

கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. மாஸ்டரும் கைதட்டினார். தட்டிக்கொண்டே கீழே பார்த்தார். தம்பியின் கண்ணில் தண்ணீர். அத்தானைப் பார்த்து, அத்தானை மட்டும் பார்த்து, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய ஒன்றரை லட்சம் நாற்றும், அறுபது குடும்பமும், அடமானப் பத்திரமும் அந்தத் தலையாட்டலில் இருந்தன. மாஸ்டரின் கைகள் தட்டுவதை நிறுத்தின. ஒரு கரண்டி மணி உள்ளே போனது, ஒரு கரண்டி விதை வெளியே வந்தது. மணி எங்கே?

மூச்சுக்காரர் தடுப்பதற்குள் அவர் கூஜாவைத் தூக்கிவிட்டார். எல்லாவற்றையும் கொட்டிய கூஜா. கனத்தது. இந்தத் தடவை கை சொன்னதற்கு அவர் விளக்கம் தேடவில்லை. காதோரம் வைத்துக் குலுக்கினார். பத்தொன்பது வருடமாக டிரம் சத்தத்தை வைத்தே உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிறவர். சரசரவென்று விதை, அதற்கு நடுவே கிணுகிணுவென்று கண்ணாடி. கைப்பிடிக்கு அடியில் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு சின்னத் திருகு இருந்தது. திருப்பினார். கூஜா வாய்க்குள் இருந்த மடக்குத் தகடு ஒருபக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்தது. கூஜாவுக்கு நடுவில் ஒரு தடுப்பு. ஒருபக்கம் முன்கூட்டியே நீலம் பூசிய விதை, மறுபக்கம் நாம் கொட்டும் விதை. தகடு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். வாசலில் எத்தனை என்று எழுதிக்கொண்டது, அந்த அளவு மட்டும் சாய்த்துக் கொடுக்கத்தான்.

தட்டில் கவிழ்த்தார். காலையிலிருந்து பக்தர்கள் கொட்டிய தக்காளி விதை மொத்தமும் நிறம் மாறாமல் கொட்டியது. அதற்கு நடுவே வெள்ளை வெளேரென்று அவர் வீட்டுப் பாசிமணி.

மைக் அணைக்கப்படவில்லை. மண்டபம் முழுக்க மூச்சுக்காரருக்கு மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அவர் விட்ட மூச்சிலேயே அதுதான் நிஜமான மூச்சு.

தம்பி எழுந்து உள்ளறைக்குப் போனான். அவன் பின்னால் கூட்டம் போயிற்று. அங்கே ஒரு வாளியில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலமும் மாவுக் கோந்தும் கலந்து வைத்திருந்தது. கெடு முடிந்து இரண்டு வருடமான விதை மூட்டைகள் சுவரோரம் இருந்தன, எடைக்கு வாங்கியவை. மேசை மேல் புது கவர்களில் புது லேபிள் ஒட்டி, அடுத்த ஊர்க் கடைகளுக்குப் போகத் தயாராக, ஊரார் கொண்டுவந்து கொட்டிய நல்ல விதை. மூச்சில் ஊறிக்கொண்டிருந்த அரைக் கிலோ தக்காளி விதை பத்துப் பத்துக் கிராமாகக் கட்டப்பட்டிருந்தது. நாற்பத்தோரு கவர் கிடைத்தது. ஒன்பது ஏற்கெனவே விற்றுப்போயிருந்தது. தம்பி நாற்பத்தொன்றையும் மடியில் அள்ளிக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

போலீஸ் வரும் வரை மூச்சுக்காரரைச் சுழல்நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். யாரோ ஒருவர் கோபத்தில் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். மாஸ்டர் போய்ப் பிடித்து நிறுத்தினார். பிறகு மைக்கிடம் வந்தார். இந்தத் தடவை கைதட்ட யாரும் இல்லாததால் பேசுவது சுலபமாக இருந்தது.

"நான் விஞ்ஞானி இல்லீங்க. டிரம் ஓட்டுறவன். வெத மேல நீலம் பூசுறதுதான் என் பொழப்பு. தினம் இருநூறு கிலோ. அதையே இங்க வந்து வாயப் பொளந்து பாத்தேன். இவரு உங்களை ஏமாத்துனாரு. என் மூஞ்சிய வச்சுத்தான் ஏமாத்துனாரு. அதைக் குடுத்தது நான்."

பின்பக்கம் தூணோரம் நின்ற மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். காப்பாற்றினார். வெளியே போகும்போது மட்டும் சிந்திய பாசிமணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பொட்டலத்தில் போட்டுக்கொண்டார்.

கம்பெனி மேனேஜர் போஸ்டரைப் பார்த்திருந்தார். கம்பெனி பெயரை ஐஸ் பேக்டரியில் அடகு வைத்ததற்காக மாஸ்டரை ஒரு மாதம் டிரம்மிலிருந்து எடுத்து, டெஸ்டிங் ரூமில் தட்டுக் கழுவப் போட்டார். அங்கே மேலதிகாரி யார் என்று சொல்லத் தேவையில்லை. தட்டுச் சரியாகக் கழுவவில்லை என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பப்பட்டது.

அந்த மாதம் முழுக்க, சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி வாசலுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஐஸ் பேக்டரியில் நின்ற அதே ஆட்கள், கையில் அதே பொட்டலங்கள். ஒருவர் சொன்னார், அந்த மூச்சுக்காரன் போலிதான், மாஸ்டர், ஆனா பக்கத்து ஊர்ல ஒருத்தர் விதையப் பார்த்தாலே போதுமாம், மூச்சே வேண்டாமாம், விசாரிச்சுச் சொல்லுங்க. இன்னொருவர், மூக்குக்கண்ணாடிக் கூட்டு அம்மாள், பொட்டலத்தை மாஸ்டர் பக்கம் நீட்டினார். "அவனைக் கண்டுபிடிச்ச கை உங்க கை. கைராசி. நீங்க ஒரு தடவை தொட்டுக் குடுங்க தம்பி, போதும்."

மாஸ்டர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், பொட்டலத்தைத் தொட்டுக் கொடுத்துவிடலாமா என்று அவருக்கு ஆசை வந்தது. மரியாதை அப்படிப்பட்ட போதை. அடக்கிக்கொண்டு உள்ளே போய் நாலு மடிப்பு ஈரத்தாள் எடுத்து வந்தார்.

"நான் தொட்டா ஒண்ணும் ஆகாதுங்கம்மா. மருந்து போட்ட விதை பூஞ்சைக்குத் தப்பும், செத்த விதைக்கு எந்த மருந்தும் உயிர் குடுக்காது. இதுல நூறு விதையப் பரப்பி சுருட்டி வைங்க. எட்டாம் நாள் பிரிச்சு எத்தனை முளைச்சிருக்குன்னு எண்ணுங்க. யாரு சொன்னாலும், நானே சொன்னாலும், எண்ணிப் பாக்காம நம்பாதீங்க."

அம்மாள் தாளை வாங்கி மடித்தார். முகத்தில் பெரிய ஏமாற்றம். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றார் மாஸ்டர்.

எண்ணுவது என்ற சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு பொருள். விரலை மடக்கிச் செய்வது ஒன்று, தலைக்குள்ளே செய்வது ஒன்று. இரண்டுக்கும் டோக்கன் கிடையாது, வரிசை கிடையாது, கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்க வேண்டும். அதனால்தானோ என்னவோ, அந்தப் பக்கம் கூட்டமே இல்லை.